நெருப்பு அவளிடம் இருந்தது

குருநாதன் தன் மனைவி தனபாக்கியத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தார். அடுப்பில் வாணலி இருந்தது, அவள் ரவை வறுத்துக்கொண்டிருந்தாள், ரவிக்கையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வேர்வை நனைந்திருந்தது, கொண்டை சரிந்து ஒரு பக்கமாக வந்திருந்தது. அவர் வழக்கம்போல அடுப்படி வாசலில் நின்று "நெருப்பு கொடு" என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் செய்யாத காரியத்தை அவள் அன்றைக்குச் செய்தாள். திரும்பாமலே, இடது கையால் உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவர் பக்கம் தூக்கிப் போட்டாள். "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான். அவர் அதை அந்தரத்திலேயே பிடித்துவிட்டார். இந்த வயதில் இப்படிப் பிடிக்க வருகிறதே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது, அந்தச் சந்தோஷத்தோடுதான் மொட்டை மாடிக்குப் போனார். ஒரு சிகரெட் ஏழு நிமிஷம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவருக்கு ஏழு நிமிஷம் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இறங்கி வந்தபோது கீழ் வீட்டுப் பெண் அவருக்கு முன்னால் படியேறி வந்திருந்தாள், "ஏதோ தீயிற வாசம் வருதேன்னு வந்தேன்யா" என்று சொல்லிக்கொண்டே அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். ரவை கரியாகியிருந்தது. தனபாக்கியம் தரையில் கிடந்தாள். வீடு முழுக்கப் புகை, மாடியில் நின்றவருக்கு வாசமே வரவில்லை. அந்த மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. அதற்குப் பதினொரு மாசம் ஆகிறது.

இன்றைக்கு நாலாம் நாள். சிகரெட்டை விட்டு நாலாம் நாள், விடியற்காலையில் கண் விழித்ததிலிருந்து நாக்கு மரக்கட்டை மாதிரி கிடக்கிறது, உதட்டின் உள்பக்கம் இரண்டு கொப்புளம், தொண்டையைக் கனைத்தால் பழுப்பாகச் சளி, விரல்கள் தாமாகவே சட்டைப்பைக்குப் போய் ஒன்றும் இல்லாமல் திரும்பி வருகின்றன. குருநாதன் கட்டிலில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். பெருவிரலுக்கு அடுத்த விரல் நாவற்பழத் தோல் மாதிரி இருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது, முந்தாநாள் இன்னும் கொஞ்சம் கறுப்பா, இல்லை இதே கறுப்பா, நினைவில்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசினார். "ஐயா, ரத்தக்குழாய் சுருங்கிக்கிட்டே வருது. இருபத்தோரு நாள் ஒண்ணுகூடப் பிடிக்காம வாங்க, விரலைக் காப்பாத்தப் பார்ப்போம். நடுவுல ஒண்ணு பிடிச்சாலும் எங்கிட்ட மறைக்காதீங்க, விரல் காட்டிக் கொடுத்துரும். நிறுத்தலைன்னா முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால்." விரல், பாதம், முழங்கால். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று சொல்வதுபோல இருந்தது குருநாதனுக்கு, ஏறி உட்கார்ந்துவிட்டால் வண்டி தானாகப் போய்க்கொண்டே இருக்கும், இறங்குவதாக இருந்தால் முதல் ஸ்டாப்பிங்கிலேயே இறங்கிவிட வேண்டும். மகள் ஹேமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கே வீட்டுக்கு வந்து பாக்கெட்டுகளை எல்லாம் பொறுக்கித் தண்ணீர் வாளியில் போட்டாள், அவர் லைட்டரைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள், ஒரு ராத்திரி இருந்துவிட்டுக் கரூருக்குப் போய்விட்டாள். நர்ஸம்மா வேறு சொல்லியிருந்தாள், "ஆசை வர்றது அஞ்சு நிமிஷந்தான் ஐயா, அதைத் தாண்டிட்டா போயிரும்." அஞ்சு நிமிஷம். அந்த அம்மாவுக்கு டிரைவர்களைத் தெரியாது. புறப்படும் நேரம் ஆன பிறகு எத்தனை பேர் டைம் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டியிருப்பார்கள், "அண்ணே, ரெண்டே நிமிஷம்ணே, ஒரு பார்ட்டி டீ குடிச்சுக்கிட்டு இருக்கு", "அண்ணே, பச்சப் புள்ளைக்காரி ஓடி வர்றாண்ணே." விசிலை வாயில் வைத்துக்கொண்டே அவர் தலையாட்டுவார், கிளம்பு, கிளம்பு. பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஆரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். இப்போது தனக்குள் ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், அண்ணே ஒண்ணே ஒண்ணு, ஒரு இழுப்பு. கிளம்புடா. அவன் கிளம்புவான். பத்து நிமிஷத்தில் அடுத்த வண்டிக்காரன் வந்து நிற்பான்.

காப்பி போட்டுக் குடித்தார். சிகரெட் இல்லாத காப்பி கழுவாத கை மாதிரி ஏதோ பாக்கி வைத்தது. ஆனால் வாசம் வந்தது. நேற்றிலிருந்து மூக்குக்கு உயிர் வந்துகொண்டிருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறது. நேற்று பீரோவைத் திறந்தபோது ரசகற்பூர உருண்டை, பழைய பட்டு, அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, எண்ணெயும் மஞ்சளும் சோப்பும் கலந்த மாதிரி. அது அவள் புடவைகளின் வாசமா, மரத்தின் வாசமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு என்ன வாசம் என்று தெரியாத மனுஷன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தார். அவளுக்கோ அவர் வாசம் தெரியும். அவர் தெருமுனையில் திரும்பும்போதே தெரியும் என்பாள். "உங்களுக்குத் தனியா ஆரன் எதுக்கு, மூக்கு இருக்கிறவங்க வழிவிட்டுருவாங்க." அப்படிக் கிண்டல் செய்வாளே தவிர ஒரு நாளும் விடச் சொன்னதில்லை. விடச் சொல்லவில்லை, ஆனால் நெருப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். கல்யாணமான இரண்டாவது வாரம், சிகரெட்டை அணைக்காமல் பாய் ஓரத்தில் வைத்துவிட்டு அவர் கண்ணயர்ந்துபோனார், அவளுடைய நிச்சயதாம்பூலப் புடவையின் முந்தானையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. அழவில்லை, கத்தவில்லை. அவர் தலைமாட்டில் இருந்த தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இனிமே நெருப்பு எங்கிட்ட. புகை வேணும்னா வந்து கேளுங்க." புதுப்பெண்டாட்டி, ஏதோ விளையாட்டு, நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தார். மறக்கவில்லை. டைம் ஆபீஸில் இருக்கும்போது எதிரே பெட்டிக்கடையில் தொங்குகிற கயிற்று நெருப்பு உண்டு, அது அவள் ராஜ்யத்துக்கு வெளியே. வீட்டில் மட்டும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் கொடுப்பாள், ஆனால் கையில் கொடுக்க மாட்டாள், தானே குச்சியைக் கிழித்துத் தானே பிடிப்பாள், பிடிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பாள். எரிகிற குச்சியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "ஹேமாவைக் கான்வென்ட்டுல போடுறதா, முனிசிபல் பள்ளிக்கூடமா? கை சுடுறதுக்குள்ள சொல்லுங்க." "என் தம்பி ஒரு மாசம் இங்க இருந்து வேலை தேடட்டுமா?" "பிரிட்ஜ் வாங்கலாமா, உங்க அக்கா வந்து குறை சொல்லுவாங்களா?" அவர் வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டே ம் என்பார், தலையாட்டுவார், சரி சரி என்பார், தீக்குச்சி பாதி எரிவதற்குள் முடிவாகிவிடும். ஒரு தீக்குச்சி எரிகிற நேரத்துக்குமேல் அவர்கள் எதையும் விவாதித்ததாக அவருக்கு நினைவில்லை. ஹேமாவின் கல்யாணத்துக்கு மட்டும் இரண்டு குச்சி. முதல் குச்சி அணைந்துபோய், "அய்ய, சுட்டுருச்சு" என்று விரலை உதறி, இரண்டாவதைக் கிழித்து, "கரூர் ரொம்பத் தூரமா?" என்று கேட்டாள். "ரெண்டு மணி நேரம். நடுவுல ஒரு டீ" என்றார் அவர். அப்படித்தான் பெண்ணைக் கொடுத்தார்கள்.

நாலு எட்டு நடந்தால் ஆசை அடங்கும் என்று ஏழே காலுக்குத் தெருவில் இறங்கினார். நடந்தால் ஆடுசதை பிடித்துக்கொள்கிறது, ஐம்பது எட்டு, பிறகு நிற்க வேண்டும், பிறகு ஐம்பது எட்டு. நிற்கும் இடம் பரீத் பாய் கடையாகத்தான் இருக்க வேண்டுமா என்ன, ஆனால் அதுவாகத்தான் இருந்தது. கடை ஓரத்தில் கயிறு கங்குடன் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு கொத்தனார் குனிந்து பீடியைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார், அந்தக் குனிவைப் பார்த்ததும் குருநாதனுக்குக் கழுத்து தானாகக் குனிந்தது. பாய் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அண்ணே, நகருங்க, நகருங்க. உங்க பொண்ணு போன் போட்டு மிரட்டியிருக்கு. பாய் மாமா, எங்கப்பாவுக்கு ஒண்ணு குடுத்தீங்க, கடைக்கு முன்னாடி பாய் போட்டு உக்காந்துருவேன்னுது. உக்காந்தாலும் உக்காரும், அது அவுங்கம்மா மாதிரி." குருநாதன், "நான் கேக்கவே இல்லையே பாய்" என்றார். "வாய் கேக்கலை. கண்ணு கேக்குது" என்ற பாய் பாட்டிலைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் கையில் திணித்தார். அதற்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. கொத்தனார் சிரித்தபோது புகை மூக்கு வழியாக வந்தது. அந்தப் புகை குருநாதனின் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது, பழைய சிநேகிதன் ஒருத்தன் பஸ் ஜன்னலிலிருந்து கையாட்டிவிட்டுப் போன மாதிரி, நின்று பேச முடியாத மாதிரி. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஐம்பது எட்டு, பிறகு நின்று, ஐம்பது எட்டு, வீடு.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியும், அது ஹேமாவுக்குத் தெரியாது. டார்ச் லைட்டுக்குள் இரண்டு பேட்டரி போகிற இடத்தில் ஒரு பேட்டரிதான் இருக்கிறது, மிச்ச இடத்தில் காகிதத்தில் சுற்றி ஒன்று இருக்கிறது. எப்போது வைத்தார் என்பதுகூட நினைவில்லை, ஆனால் இருப்பது தெரியும், மூன்று நாளாக அவர் மின்சாரம் போனபோதுகூட அந்த டார்ச்சைத் தொடவில்லை. எட்டு மணிக்குத் தொட்டார். மூடியைத் திருகிக் கழற்றினார், எடுத்தார், காகிதத்தைப் பிரித்தார். கொஞ்சம் வளைந்திருந்தது, நேராக்கினார். ஒன்றுதான். ஒன்றில் விரல் போய்விடுமா என்ன. டாக்டர் போகும் என்றார். போகும் என்று சொல்லவில்லை, காட்டிக் கொடுக்கும் என்றார். காட்டிக் கொடுத்தால் என்ன, பதினொரு மாசமாக என்னை எவன் காட்டிக் கொடுத்தான். அவள் போன மறுநாள் முதல்முறையாகக் கடையில் ஒரு லைட்டர் வாங்கினார், பச்சை நிறம், கட்டை விரலால் அமுக்கினால் போதும். எவரையும் கேட்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து என்று இருந்தது இருபதாகி, இருபத்தைந்தாகி, எழுந்ததும் ஒன்று, எழுந்ததற்காக ஒன்று என்று ஆனது. கேட்பதற்கு ஆள் இருந்தவரை பத்தோடு நின்றது. ஒவ்வொரு தடவையும் நடந்து போய் நின்று கேட்டு, பதில் சொல்லி, அதற்குப் பிறகுதான். சில சமயம் அவள் கேட்கப்போகும் கேள்விக்குப் பயந்து ஆசையையே அடக்கிக்கொண்டு திண்டாடியிருக்கிறார், தம்பி விஷயம் நடந்த மாசம் வீட்டில் சிகரெட்டே பிடிக்கவில்லை. வண்டிகளை நான் நேரம் பார்த்து விட்டேன், என்னை அவள் நேரம் பார்த்து விட்டாள் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அப்படிப்பட்டவள் ஏன் அன்றைக்கு மட்டும் பெட்டியையே தூக்கிப் போட்டாள். இங்கேதான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறது. பதினொரு மாசமாக எதை நினைத்தாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வருகிறார். உடம்புக்கு முடியவில்லை, சொல்ல வேண்டாம் என்று அனுப்பிவிட்டாளா. இனிமேல் நீயே வைத்துக்கொள் என்று ஒப்படைத்தாளா. கோபமா. முதல் நாள் ராத்திரி சாம்பாரில் உப்பு கம்மி என்று சொன்னார், அதற்கா. போகப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டதா. தெரிந்திருந்தால் திரும்பி ஒரு தடவை முகத்தைக் காட்டியிருக்கக் கூடாதா. நானாவது நின்றிருக்கலாம், என்ன இன்னைக்குக் கேள்வி ஒண்ணும் இல்லையா என்று கேட்டிருக்கலாம், கேட்காமல், பந்து பிடித்த பயல் மாதிரி மாடிக்கு ஓடினேன். ஊரார் கேட்டபோது, ஹேமா கேட்டபோது, குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னார். ஏழு நிமிஷத்தைத் தண்ணீர் ஊற்றி மறைத்தார்.

அடுப்படி வாசலில் போய் நின்றார். கால் தானாகத்தான் அங்கே வந்தது. கையில் சிகரெட், மேடையில் கேஸ் அடுப்பு, பக்கத்திலேயே ஆணியில் பொறி தட்டுகிற லைட்டர் தொங்குகிறது, இரண்டு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை. வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு "நெருப்பு கொடு" என்றார். சத்தமாகவே சொல்லிவிட்டார். பதினொரு மாசத்தில் ஒரு தடவையும் சொல்லாத சொல், வாய் அதை எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அடுப்படி சும்மா இருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பெருங்காய டப்பாவின் வாசம் வந்தது, கழுவாத காப்பிப் பாத்திரத்தின் வாசம் வந்தது. அண்ணே, அண்ணே, ஒண்ணே ஒண்ணு என்று உள்ளே இருந்தவன் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினான். அப்போது சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. எட்டு இருபதுக்கு ஹேமாதான், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் கூப்பிடுவாள், இன்னைக்குப் பிடிச்சீங்களா என்பாள், இல்லைம்மா என்பார், விரல் எப்படி இருக்கு என்பாள், அப்படியே இருக்கு என்பார், சரிம்மா வெச்சிரு என்பார். ஒரு நிமிஷத்தைத் தாண்டாது.

"அப்பா, இன்னைக்குப் பிடிச்சீங்களா?" என்றாள் ஹேமா. குருநாதன் வாயிலிருந்ததை எடுத்தார். "கையில ஒண்ணு இருக்கு" என்றார். அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. "பத்த வெச்சாச்சா?" "இல்லை. நெருப்பு கேட்டுக்கிட்டு நிக்கிறேன்." "யார்கிட்ட?" என்று கேட்டவள், கேட்ட உடனே புரிந்துகொண்டாள் போலிருக்கிறது, திட்டவில்லை. திட்டியிருந்தால் வைத்துவிட்டிருப்பார். அவள் திட்டாததால் அவர் சொல்ல ஆரம்பித்தார், நடுவில் நிறுத்தினால் மறுபடி வராது என்று ஒரே மூச்சில். அன்னைக்கு நான் குளிக்கலை, மாடியில இருந்தேன், பிடிச்சுக்கிட்டு இருந்தேன், அம்மா பெட்டியைத் தூக்கிப் போட்டா, ஒண்ணும் கேக்கலை, ஒரு கேள்வி கேக்கலை, ரவை கருகுறது கீழ் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலை. ஹேமாவின் பக்கத்திலிருந்து குக்கர் விசில் கேட்டது. "அப்பா, மூணாவது விசில். அணைச்சிட்டு வந்துடுறேன். வெச்சிராதீங்க. சொல்லிட்டேன், வெச்சிராதீங்க." கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பாத்திரம் நகர்ந்தது, பேரன் ஷூ எங்கே என்று கத்தினான், மருமகன் யாரிடமோ சிரித்தார், யாரோ கதவைச் சாத்தினார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். இரண்டு. கை தன்பாட்டுக்குச் சிகரெட்டைக் கழுவு தொட்டியின் விளிம்பில், ஈரத்தில், வைத்தது. அது நனையும் என்று தெரிந்துதான் வைத்தார், வைத்துவிட்டு எடுக்கலாமா என்றும் பார்த்தார். காகிதம் மெல்லப் பழுப்பாகிக்கொண்டு வந்தது. நாலு நிமிஷம்.

"இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன்." "அன்னைக்கு மத்தியானம் வந்ததிலேர்ந்து உங்க தோள்லதானே சாஞ்சு கிடந்தேன். குளிச்சவர் மேல அந்த வாசம் வருமாப்பா? எனக்கு அன்னைக்கே தெரியும்." ஹேமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேறு குரலில், "ரவை வறுத்துக்கிட்டு இருந்தாங்கன்னா சொன்னீங்க?" என்றாள். "ஆமா." "நீங்க ரவை வறுத்திருக்கீங்களா?" "நான் எதை வறுத்தேன்." "அதான். கிளறிக்கிட்டே இருக்கணும்பா. நெய் வேற விட்டிருப்பாங்க. ஒரு கணம் கையை எடுத்தா அடி பிடிச்சிரும். குச்சி கிழிக்கணும்னா ரெண்டு கை வேணுமில்ல? வலது கையில கரண்டி. அப்புறம் எப்படிக் கிழிப்பாங்க? அதான் தூக்கிப் போட்டாங்க." குருநாதன் அடுப்பைப் பார்த்தார். வாணலி இருந்திருக்கும் இடம், அவள் நின்றிருக்கும் இடம், வலது கை, இடது கை. "அவ்வளவுதானா?" என்றார். "வேற என்ன? உங்களுக்கு உப்புமா கருகக் கூடாதுன்னுதான். முந்தா வாரம் எனக்கே கருகிருச்சு, உங்க பேரன் ஸ்கூல் வேன் வந்துருச்சுன்னு வாசலுக்கு ஓடினேன்." அவருக்குச் சிரிப்பு வந்தது, எதற்கு என்று தெரியாமல், தொண்டையில் சளியோடு சேர்ந்து இருமலாக வந்தது. இருமி முடித்ததும் அவர் வழக்கமாகச் சொல்லும் சரிம்மா வெச்சிரு என்பதற்கு ஹேமா காத்திருந்தது தெரிந்தது. அவர், "வேன் தினமும் சீக்கிரமா வர்றானா?" என்றார். "அய்யோ, அதை ஏன் கேக்குறீங்க" என்று ஆரம்பித்தாள். ஒன்பது மணி வண்டி எட்டு ஐம்பதுக்கு வந்து ஆரன் அடிக்கிறான். "ஒம்போதுன்னா ஒம்போதுக்குத்தான் எடுக்கணும். அவன்கிட்ட நான் பேசுறேன்" என்றார் குருநாதன். பிறகு மாமியாரின் கண் ஆபரேஷன், பிறகு மாடி வீட்டுக்காரர்கள் துணி உலர்த்துவது, பிறகு மருமகனுக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது, போவதா வேண்டாமா. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்திருக்கிறாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், சிலதற்குத் தெரியவில்லை என்று சொன்னார், யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார், அப்படிச் சொல்ல நேரம் இருந்தது. "அப்பா, எனக்கு லேட்டாயிருச்சு" என்று கடைசியில் அவள்தான் சொன்னாள். "விரலைப் பார்த்துச் சொல்லிட்டு வைங்க."

முக்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் நேராக விழுந்தது. கறுப்பு குறைந்திருக்கிறது என்று சொல்ல ஆசையாக இருந்தது, அப்படிச் சொல்லும்படி இல்லை. கூடவும் இல்லை. நுனியை அழுத்தினார், கொஞ்சம் வலித்தது. வலித்தால் நல்லது, விரலில் இன்னும் உயிர் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "வலிக்குதும்மா" என்றார். மணி எட்டு நாற்பத்தெட்டு. காலில் ஐந்து விரல் இருந்தது.